யாராவது பயன்படுத்திட்டிருந்தா?

உலகத்தில் ‘இருக்கட்டும்’ இனம் என்று ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதையும் தொடங்கத் தயங்காது. தொடங்கியதை நிறுத்தச் சொன்னால் மட்டும் ‘இருக்கட்டும்’ என்று சொல்லிவிடும். அந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பாளராக இருக்கிறார். அங்கே அவருக்குப் பெயரே ‘இருக்கட்டும் சார்’தான்.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து, நான்காம் முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அதே மனிதர் காவல் காக்கும் சர்வரில், ஒன்பதாயிரம் பேரின் ரத்தமும் சர்க்கரையும் ரகசியமும் பதிவாகியிருக்கும் பெட்டியில், இருபத்து மூன்று கதவுகள் வெளியுலகை நோக்கித் திறந்து கிடந்தன. எட்டு வருஷம் முன்பே பழைய இரும்புக்குப் போன பிரிண்டருக்காக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவை நிரல். ஒரே ஒரு நாள் கோப்பு அனுப்புவதற்காகத் திறந்துவிட்ட வழி ஒன்று. கடவுச்சொல்லைத் தபால் அட்டையில் எழுதியதுபோல் ஊரறிய அனுப்பும் டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறை வேறு. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்பார். பதினோரு வருஷமாக சர்வர் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை என்பது அவர் பெருமை. அது நின்றுவிடுமோ என்றுதான் பயந்தார், பாவம். திருடனை நினைத்துப் பயந்ததே இல்லை.

இந்த இனத்துக்குச் சடங்கும் உண்டு. வருஷா வருஷம் நடக்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தணிக்கைக்கு முந்தின நாள் சேவைப் பட்டியலைத் திரையில் வரவழைப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பெருமூச்சு. பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘தொடாதே’ என்று குறிப்பெழுதிவிட்டு, மலையைப் புரட்டிய களைப்போடு எழுந்துவிடுவார்.

இந்த வருஷம் தணிக்கைக்கு வந்த அம்மாளிடம் அந்தக் குறிப்பெல்லாம் எடுபடவில்லை. இது யாருக்கு, இது எதற்கு என்று வரிசையாகக் கேட்டார். நாலே நாலுக்குத்தான் இவரால் பதில் சொல்ல முடிந்தது. பதில் இல்லாத அத்தனையையும் அணைத்துவிட்டு, யார் வந்து கத்துகிறார்கள் என்று ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் அந்த அம்மாள்.

“யாராவது பயன்படுத்திட்டிருந்தா, மேடம்?”

“அதைத்தானே சார் பாக்கப் போறோம்.”

பத்தொன்பது சேவைகள் அணைந்தன. முதல் நாள் ஒருவரும் கத்தவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. போன் அடித்தபோதெல்லாம் இவர் நாற்காலியிலிருந்து துள்ளியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் அந்த அம்மாள் சர்வரின் பதிவுகளைப் புரட்டினார். மூடிய கோப்பு வழியை ஒருவன் மட்டும் வெளியிலிருந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், ஏழு மாதமாக மாப்பிள்ளை மாதிரி வந்து போயிருக்கிறான். வெறுங்கையோடு போகவில்லை.

இருக்கட்டும் சார் அப்போது என்ன சொன்னார் தெரியுமா?

“நான்தான் அப்பவே சொன்னேனே மேடம், யாராவது பயன்படுத்துவாங்கன்னு.”

நியாயமாக அவர் வேலை போயிருக்க வேண்டும். முதலாளி, பழைய ஆள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பார்த்தீர்களா, அவரும் அதே இனம்.

ஒன்பதாயிரம் பேருக்கும் மன்னிப்புக் கடிதம் போயிற்று. உங்கள் பரிசோதனை முடிவை அந்நியர் ஒருவர் எடுத்துவிட்டார், வருந்துகிறோம். அதில் ஒன்று இருக்கட்டும் சார் வீட்டுக்கே வந்தது, மனைவி பெயருக்கு. அவளுக்குப் பரிசோதனை நடந்ததே அவருக்குத் தெரியாது.

“உங்ககிட்டகூட சொல்லாம வெச்சிருந்தேங்க,” என்றாள் அவள். மறுநாள் காலை கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமலேயே அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

நீங்கள் சிரித்தீர்கள், கவனித்தேன். போன வருஷம் காலிசெய்து போன குடித்தனக்காரர் உங்கள் வீட்டு மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா? நாலு வருஷமாக நீங்கள் திறக்காத செயலி ஒன்று உங்கள் போனில் யாருக்காக விழித்துக்கொண்டிருக்கிறது? இப்போதே பார்த்துவிடலாம் என்று எழுந்திருப்பீர்கள். எழுந்தவுடன் மனசு ஒரு வார்த்தை சொல்லும். அது என்ன வார்த்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.