பச்சைக்காலியின் இரண்டு வீடுகள்

மேஜைக்கடியில் வாத்து கத்தியது. ஏரிக் காவலர் அவசர அவசரமாக இருமினார்.

"வடக்கு ஏரிக்காரர் லைன்ல இருக்கார் சார்," என்று போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள் தட்டச்சுக்காரி. அந்த ஊர்ப் பாஷை அலுவலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். "பச்சைக்காலி கிளம்பிடுச்சான்னு கேக்கறார்."

பச்சைக்காலி என்பது காலில் பச்சை வளையம் போட்ட பெட்டை வாத்து. குளிருக்கு இந்த ஏரி, கோடைக்கு வடக்கு ஏரி. பறவைகள் போய்வர இரண்டு ஏரிகளையும் சேர்ந்து காப்பது, எந்தப் பறவையையும் பிடித்து வைக்காமல் இருப்பது என்று ஒப்பந்தம். அது முறிந்தால் ஏரியில் மண்ணைக் கொட்டிக் கார் நிறுத்த நகராட்சி தயாராக நின்றது.

காவலருக்கு ஒப்பந்தம் பிடிக்கும். வடக்கு ஏரிக்காரரைத்தான் பிடிக்காது. 'எங்கள் பச்சைக்காலி குஞ்சு பொரித்துவிட்டது' என்று அந்த மனிதர் வருஷா வருஷம் படம் அனுப்புவார்.

"தின்னு கொழுக்கறது இங்க, குஞ்சு மட்டும் அங்கயா? இதுல 'எங்கள்' வேற!"

வயிறு எரிந்ததில், இந்த வருஷம் தானியத்தைக் காட்டிக் காட்டிப் பச்சை வளையத்தை அலுவலகத்துக்குள்ளேயே அழைத்துவந்துவிட்டார். வளையத்தில் எண்ணைப் படிக்கப் போனால் கொத்தியது. பச்சை தெரிந்ததே, போதாதா?

"போன வாரமே கிளம்பிடுச்சுன்னு சொல்லும்மா."

சொன்னாள். பதிலைக் கேட்டு முழித்தாள்.

"ஆமாமாம், வந்து சேர்ந்துடுச்சாம் சார். சுகமா இருக்காம்."

காவலர் குனிந்து பார்த்தார். அவருடைய செருப்பின் மேல் அது சுகமாகத்தான் இருந்தது.

"பொய்! பச்சைப் பொய்!"

"அதை எப்படி சார் சொல்றது? எங்க மேஜைக்கடியில இருக்குன்னா?"

காவலர் பல்லைக் கடித்தார். "படம் அனுப்பச் சொல்லு. திருட்டு முழி முழிப்பான்."

படம் உடனே வந்தது. புல்தரையில் வாத்து, காலில் பச்சை வளையம், பக்கத்தில் வடக்கு ஏரிக்காரரின் அத்தனை பல்லும்.

"நம்பர் கூட நம்ம பதிவேட்டுல இருக்கற அதேதான் சார்."

"வளையத்தையே போலியா அடிச்சிருப்பான், எனக்குத் தெரியாதா?"

"இன்னொண்ணும் சொல்றார் சார். வரும்போது ரொம்ப இளைச்சிருந்துச்சாம். நீங்க சரியா தீனி போடலையாம்."

"இளைச்சிருந்துச்சா? என்னால தூக்கவே முடியலம்மா!"

மேஜைக்கடியில் பாய்ந்தார். கோப்புகள் பறந்தன, மூக்கில் ஒரு கொத்து விழுந்தது. வாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினார். "எடு படம்! அனுப்பு! இளைச்ச லட்சணத்தைப் பார்க்கட்டும்!"

அவளும் பயத்தில் அனுப்பிவிட்டாள். பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார்... ஒப்பந்தம்..."

காவலர் வாத்தோடு நாற்காலியில் சரிந்தார். வேலை போகட்டும், ஏரியும் போய்விட்டதே! பொறாமையில் நானே மண்ணை வாரிக் கொட்டிவிட்டேனே!

போனில் யாரோ விசும்பும் சத்தம். தட்டச்சுக்காரி கடைசிவரை கேட்டுவிட்டு, மெல்லத் திரும்பினாள்.

"இங்க அனுப்ப மனசு வராம, போன கோடையிலிருந்தே பச்சைக்காலியை அவர் வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருக்காராம் சார்... உங்க மடியில இருக்கறது யாரோட வாத்துன்னு கேக்கறார்."