ஒரு வினைச்சொல்லும் பெருநாள் கொலோனும்

உன்யே,
வியாழக்கிழமை (எழுதத் தொடங்கியது திங்கட்கிழமை)

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் முஸெய்யென் அம்மா அவர்களுக்கு,

உன்யேயில் ரொட்டிக்கடை மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ருஸ்தம் கரதாஷ் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சொற்களுக்குப் பொருள் எழுதும் அனைவரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற யாவும் நலம். நான் உங்களிடம் வேலை செய்யும் நெர்மினின் தகப்பன். வயது எழுபத்து மூன்று. எழுதப் படிக்கத் தெரிந்து ஐந்து மாதமாகிறது. நம் எழுத்துகளில் சிலவற்றின் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும் என்பதை இத்தனை வயதில் தெரிந்துகொண்டேன். ரொட்டியின் மேல் எள் தூவுவது போல அதை வைக்கும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தக் கடிதத்தில் எங்காவது வேண்டாத எழுத்தின் மேல் புள்ளி இருந்தால், சந்தோஷத்தில் வைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் நெர்மின் தன் பங்கு வேலையை முடித்துத் தராவிட்டால், அவளுடைய ஆங்கிலச் சொல்லைப் பிடுங்கி அங்காராவில் உள்ள வேறொருவரிடம் கொடுத்துவிடுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான்கு வருடமாக அவள் அந்த ஒரு சொல்லோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். தாமதத்துக்கு அவள் காரணம் இல்லை. யார் காரணம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இன்னும் ஒரு மாதம் தவணை கொடுங்கள்.

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பே நெர்மின் ஊருக்கு வந்துவிட்டாள். பையில் துணி குறைவு, சீட்டுதான் அதிகம். நூற்று அறுபது சீட்டு. ஒவ்வொன்றிலும் மேலே அந்த ஆங்கில வினைச்சொல், ‘டேக்’. அதன் கீழே அந்த இடத்துக்குப் பொருத்தமான நம் துருக்கிச் சொல். அதற்கும் கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம். எல்லாம் மைப் பேனாவால் எழுதியது. இவற்றை விருந்தினர் அறையின் கம்பளத்தில், கையால் எடுப்பதில் தொடங்கி மனத்தால் ஏற்பது வரைக்கும், பாதை போட்டது மாதிரி பரப்பி வைத்தாள். பெருநாளுக்கும் கல்யாணப் பேச்சுக்கும் தவிர திறக்காத அறை அது. என் மனைவி உயிரோடிருந்தபோது நான்கூட அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டித்தான் போவேன்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்பது நெர்மினுக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் முழங்கால் வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முதியோர் வகுப்புக்குப் போய்வந்தேன். பெருநாள் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று ஏதாவது ஒன்றை வாசித்து அவளை அசத்த வேண்டும் என்பது என் திட்டம். அதனால் அவள் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் அந்த அறைக்குள் போய்ச் சீட்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகினேன். அப்போதுதான் அந்த வெள்ளைக்காரச் சொல்லின் பாடு எனக்குத் தெரிந்தது. நம் மொழியில் நாம் மாத்திரையைக் குடிக்கிறோம், புகைப்படத்தை இழுக்கிறோம், பேருந்தில் ஏறுகிறோம், பரீட்சைக்குள் நுழைகிறோம். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ‘டேக்’. குளித்தாலும் அதுதான், சட்டையைக் கழற்றினாலும் அதுதான், பிள்ளை தகப்பன் சாயலில் பிறந்தாலும் அதுதான், விமானம் கிளம்பினாலும் அதுதான். என் ரொட்டிக்கடையில் மாவு பிசையவும் விறகு பிளக்கவும் கடன்காரனுக்குப் பதில் சொல்லவும் ஒரே ஆளை வைத்திருந்தால், சாயங்காலத்துக்குள் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு ஓடியிருப்பான்.

பெருநாளுக்கு முதல் நாள் நெர்மின் தன் தாயை அடக்கிய கபரில் ஃபாத்திஹா ஓத, தாய் பிறந்த ஊருக்குப் போனாள். மறுநாள் மதியம்தான் திரும்புவாள். அவள் போன கையோடு என் தங்கை ஹுரியே வந்தாள். நெர்மினுக்கு ஏழு வயதில் தாய் போனபோது, தன் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளை வளர்த்தவள் ஹுரியே. அறையைப் பார்த்தவுடன் தலையில் கை வைத்தாள்.

“பெருநாளும் அதுவுமா வர்றவங்க எங்கண்ணே உக்காருவாங்க? இந்தக் காகிதத்து மேலயா?”

“நெர்மின் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“தொட வேணாம். எடுத்து ஓரமா வை. ஊர்ல இருக்கறவங்க நாளைக்கு வந்து, ருஸ்தம் வீட்ல குப்பைய விரிச்சு வெச்சிருக்கான்னு பேசணுமா?”

நானே எடுத்தேன். இதில் ஹுரியேக்குப் பங்கில்லை. எடுத்ததை அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் நான் வகுப்பிலேயே முதல் ஆள், அம்மா. அகரவரிசையை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தடையில்லாமல் சொல்வேன். மகளுக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று, நூற்று அறுபது சீட்டையும் துருக்கிச் சொல்லின் முதலெழுத்துப்படி அடுக்கி நூலால் கட்டினேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோது, அடுப்பிலிருந்து ஒரு ரொட்டிகூடக் கருகாமல் இறக்கிய காலை போல இருந்தது. நான்கு வருடமாக அவள் போட்ட பாதையை ஒரு மத்தியானத்தில் உழுதுபோட்டிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

பெருநாள் காலை தொழுகை முடிந்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். ஹுரியே வழக்கம் போல ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கை மணக்க எலுமிச்சை கொலோன் ஊற்றி, இனிப்புத் தட்டை நீட்டினாள். எதிர்வீட்டு நியாஸி, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், மேசையில் இருந்த கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், நாப்பது வருஷம் கடுதாசி பிரிச்சவன் சொல்றேன், இத அடுக்கின கை சாதாரணக் கை இல்ல” என்றார். எனக்கு நெஞ்சு பொங்கியது. அடுக்கியது நான்தான் என்று சொல்ல முடியாமல் பக்லாவாவை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். கொலோன் பாட்டில் அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கொலோனில் நூற்றுக்கு எண்பது பங்கு சாராயம். மைக்கும் அதற்கும் ஆகாது. எல்லோரும் கடலைப் பார்க்க பால்கனிக்குப் போய்த் திரும்புவதற்குள் பாட்டில் சாய்ந்து, மேலே இருந்த முப்பத்தெட்டுச் சீட்டு நனைந்து, எழுத்தெல்லாம் நீலத் தண்ணீராக ஓடிவிட்டது. இதுதான் நடந்தது.

அந்த நேரம் பார்த்து நெர்மின் உள்ளே வந்தாள்.

“யாரு இதெல்லாம் எடுத்தது? யாரு அடுக்கினது?” அவள் கண் நியாஸி மேல் போனது. “நீங்கதானே மாமா? தபால் ஆபீஸ்னு நினைச்சீங்களா?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. பாராட்டத்தான் செஞ்சேன்.”

“அப்பாவுக்கா எழுத்து தெரியும்? வேற யாரு அடுக்குவா?” பிறகு ஈரத்தைப் பார்த்தாள். கட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள். “அத்தை, இது உங்க கொலோன்.”

“நான் மேசையில வெச்சேன், அவ்வளவுதான்டி கண்ணு. மூடினேனா இல்லையான்னு... மூடின மாதிரிதான் இருக்கு.”

“உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு அத்தை?”

ஹுரியே எழுந்தாள். தான் கொண்டுவந்த பக்லாவாத் தட்டை மட்டும் மூடிவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நெர்மின் மறுநாள் காலையே இஸ்தான்புல்லுக்குப் பேருந்து ஏறினாள். பன்னிரண்டு நாளாயிற்று, அவளுக்கும் ஹுரியேக்கும் பேச்சில்லை. ஹுரியே என் வீட்டுக்கு வருவதில்லை. நேற்று நான் போனபோது, “எனக்கு வயசாயிடுச்சுண்ணே, புத்தி மங்குது போல, டாக்டர்கிட்ட போகணும்” என்றாள். நியாஸி என்னோடு பகடை ஆடுவதை நிறுத்திவிட்டார். நெர்மின் போனில் என்னிடம் மட்டும்தான் பேசுகிறாள், அதுவும் “முழங்கால் எப்படிப்பா இருக்கு?” என்று. நல்ல முன்னேற்றம் என்கிறேன்.

இனி நான் செய்திருக்கும் பரிகாரம். எழுத்துத் தெரியாமல் எழுபது வருடம் வாழ்ந்தவன் எதையும் குறித்துவைக்க முடியாது. கேட்டதையெல்லாம் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்தச் சீட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அழிந்தவற்றை என் கையாலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை மட்டும் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறேன். இவை அலுவலகத்தில் எங்கேயோ கிடைத்த நகல் என்று சொல்லி அவளிடம் கொடுங்கள். என் பெயர் வெளியே வர வேண்டாம். எனக்கு எழுத வரும் என்பதையும் சொல்ல வேண்டாம்.

உங்கள் அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை; இருந்தால் என் சார்பில் அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். இளையவர்கள் எல்லோருக்கும் என் துஆவும் ஆசியும். உங்கள் அகராதி முடிந்து, அதை ஜனங்கள் வாங்கி, வாங்கியதைப் படிக்கவும் செய்ய இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
ருஸ்தம் கரதாஷ் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் நிலையம் வரை போய்த் திரும்பி வந்து பிரித்துவிட்டேன். ஹுரியே பாட்டிலை மூடித்தான் வைத்தாள். நான் பார்த்தேன். எல்லோரும் பால்கனிக்குப் போனபோது அதைத் திறந்தவன் நான். ஒரே ஒரு சீட்டை அழிக்கத்தான் திறந்தேன். ஒன்று மட்டும் அழிந்திருந்தால் சந்தேகம் வரும் என்று மற்ற முப்பத்தேழின் மேலும் ஊற்றினேன். இதை நெர்மினிடம் வாயால் சொல்லலாம் என்று மூன்று தரம் போன் செய்தேன்; மூன்று தரமும் முழங்காலைப் பற்றித்தான் பேசினேன். ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டதை மறந்துவிட்டு, இந்தக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுங்கள். என் கையெழுத்தென்றும் சொல்லுங்கள். படித்ததும் அவள் முதலில் தன் அத்தைக்குப் போன் செய்யட்டும். தவணை கொடுப்பது உங்கள் மனம்.

உறையில் முப்பத்தேழு சீட்டுதான் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். அவள் எழுதியிருந்தது இதுதான், அச்சில் இப்படியே வரட்டும்: “ரொட்டி கருகிய நாளெல்லாம் என் தந்தை விறகைக் குறை சொன்னார், ஒரு நாளும் பழியைத் தான் ஏற்றதில்லை.” இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது நான் செய்தது.