கோலில் மூன்று சென்டிமீட்டர் அதிகம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். திருக்கழுக்குன்றம் மலைப்படிகளின் அடியில் வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது, காலணிகளை இங்கே விட்டுச் செல்லச் சொல்லும் பலகை. அதற்கு முன் அதைக் குறைந்தது இருபது முறை பார்த்திருப்பேன். ஒத்துக்கொள்கிறேன், அன்றுதான் படித்தேன்.

என் இரண்டு கைகளிலும் புத்தம்புது மலையேற்றக் கோல்கள். காலில் கணுக்காலை மூடும் பூட்ஸ். பக்கத்தில் தேங்காய், பழம், பூ வைத்த கூடையோடு என் மனைவி ஜெயந்தி. (செருப்பை அவள் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தாள்.)

கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் அக்டோபரில் உத்தரகாண்டில் ஆறு நாள் மலையேற்றம் என்று முடிவு செய்து, ஐந்தாவதாக என்னைச் சேர்த்திருந்தார்கள். ஐம்பத்தொரு வயதில் நம்மை யாராவது எதிலாவது சேர்ப்பதே பெரிய விஷயம். எனக்குப் போயே ஆகவேண்டும். ஜெயந்திக்கோ என் வலது முழங்கால்மேல் நம்பிக்கையில்லை. நான் மாடிப்படி ஏறினால் அது போடும் சத்தம் சமையலறைவரை கேட்கிறது என்பாள். பல நாள் வாதத்துக்குப் பிறகு ஒரு தேர்வு வைத்தாள். திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். உட்காராமல் ஏறி, உட்காராமல் இறங்கினால் இமயமலை. நடுவில் எங்காவது உட்கார்ந்தால் செங்கல்பட்டு வீடு.

புத்தியுள்ளவன் படியேறிப் பழகியிருப்பான். நான் கோல்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் எழுதிய செய்திகளில் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து இருபத்தைந்து வருடம் நாளிதழில் சம்பளம் வாங்கியவன். எதையும் அரைகுறையாகச் செய்வது பிடிக்காது. மூன்று வாரம் படித்தேன். அலுமினியமா, கார்பனா? கைப்பிடி ரப்பரா, தக்கையா? தக்கை வியர்வையை உறிஞ்சும் என்பதை ஜெயந்தியிடம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை சொன்னதாக அவளிடம் கணக்கு இருக்கிறது.

கோலை நீட்டியபின் இறுக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெளியே தெரியும் கொக்கியை மடக்கிப் பூட்டுவது. மற்றது, கோலையே திருகி இறுக்குவது. கடைக்காரர் கொக்கி வைத்ததை எடுத்து நீட்டினார். "சார், திருகுறது சரியா இறுகலன்னா வெயிட்டு போட்டதும் உள்ள போய்டும்" என்றார். திருகும் வகை நாற்பது கிராம் எடை குறைவு என்பதை நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். (அப்போது என் எடை எண்பத்தொன்பது கிலோ.)

ஒத்திகையை மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துக்கொண்டேன். மலைக்கான ஒத்திகை எதற்குக் கடற்கரையில் என்று கேட்கவேண்டாம். தெரிந்தவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் கோல் மணலில் முழ ஆழம் இறங்கியது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, நண்டு குத்தவா?" என்றார். மலை ஏறுவதற்கு என்றேன். அவர் ஒருமுறை திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி படியடிவாரம். கோல் ஊன்றும்போது முழங்கை செங்கோணமாக மடங்கவேண்டும் என்பது விதி. பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்று அளந்து, நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர் என்று முடிவு செய்திருந்தேன். பூட்ஸைக் கழற்றினால் நான் மூன்று சென்டிமீட்டர் குறைகிறேன். வேறு எவனாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு ஏறியிருப்பான். நான் இரண்டு கோல்களையும் தளர்த்தி, நூற்றுப் பதினைந்தில் வைத்து, மறுபடி திருகினேன். கையில் வெயிலுக்குப் பூசிய கிரீம் இருந்தது.

முதல் இருநூறு படிகள் கம்பீரமாகப் போயின. உலோக நுனி கருங்கல்லில் டக் டக்கென்று பேசியது. (நுனியின் ரப்பர் மூடியை வீட்டிலேயே கழற்றிவிட்டேன். பாறையில் உலோகம்தான் பிடிக்கும் என்று படித்திருந்தேன். பக்கத்தில் வெறுங்கால் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை.) ஒரு திருப்பத்தில், குரங்குகளுக்குப் பயந்து ஒரு குடும்பம் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் என் கோல்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "கொரங்கு ஓட்றவரு வந்துட்டாரு, வாங்க போலாம்" என்று எல்லோரையும் கிளப்பினார். நான் மறுத்திருக்கவேண்டும். ஆனால் ஆறு பேர் நம் பின்னால் நம்பி வரும்போது முதுகு தானாக நிமிர்கிறது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினேன். ஜெயந்தி கூடையோடு பக்கத்திலேயே வந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

மேலே இன்னும் ஐம்பது படி இருக்கும்போது கொண்டையை முடிய அவள் கூடையைக் கீழே வைத்தாள். பெரிய குரங்கு ஒன்று சுவரிலிருந்து இறங்கி நேராகக் கூடையை நோக்கி வந்தது. பின்னால் ஆறு பேர் பார்க்கிறார்கள். நான் கூடைக்கு முன்னால் பாய்ந்து, வலக்கைக் கோலை ஓங்கி, முழு எடையையும் இடக்கைக் கோலில் போட்டேன்.

அது ஒடியவில்லை. நிதானமாக, லிஃப்ட் இறங்குவதுபோல, தனக்குள் தானே இறங்கியது. நானும் கூடவே இறங்கினேன். கூடையில் ஒரு சீப்பு பூவன்பழம் இருந்தது, அதன்மேல் உட்கார்ந்தேன். ஓங்கிய கோல் கீழே வந்து என் கால் கட்டைவிரலில் நின்றது. குரங்கு ஓடவில்லை. எனக்கு அடியிலிருந்து நசுங்காத பழம் ஒன்றை உருவிக்கொண்டு பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்து உரித்தது.

"இவுரு கோயில் ஆளு இல்ல போலகீதே" என்று அந்த அம்மாள் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஜெயந்தி குனிந்து என் விரலைப் பார்த்தாள். கைக்குட்டையால் கட்டினாள். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவள் கவனத்துக்குக் கொண்டுவந்தேன்.

"உக்காந்துட்டீங்க இல்ல?" என்றாள்.

உட்கார்ந்துதான் இருந்தேன்.

"இங்கியே குந்திகினு இருங்க. சாமி பாத்துட்டு வந்துடறேன்." தேங்காயை எடுத்துக்கொண்டாள். இரண்டு படி போனவள் திரும்பி வந்து கோல்களையும் எடுத்துக்கொண்டாள். "இத எப்டிங்க டைட் பண்றது?"

முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுத் திருகச் சொன்னேன். இறங்கும்போது அவள் கோல்களோடு முன்னால் போக, அந்த ஆறு பேரும் அவள் பின்னால் போனார்கள். கடைசியாக நான், பாதி தூரம் நொண்டியும் பாதி தூரம் படிப்படியாக உட்கார்ந்து நகர்ந்தும் வந்து சேர்ந்தேன்.

படாளத்தில் அவள் பிறந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் என் மைத்துனன் பந்தியில் எனக்கென்று தனியாக நாற்காலி இழுத்துப் போடுவான். போட்டுவிட்டு, "மாமா, இரு, பழம் கீதா பாத்துக்கிறேன்" என்று குனிந்து தேடுவான். ஏழெட்டு விசேஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இப்போது அவனுக்கு முன்பே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

மலையிலிருந்து திரும்பிய அன்று இரவே நண்பர்களிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஓர் இடம் வீணாகிறதே என்றார்கள். கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. ஜெயந்தி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் போவட்டுமா?" என்றாள்.

அக்டோபரில் சென்ட்ரல்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டேன். ஐந்து பேர் போனார்கள். கடைசி முகாமிலிருந்து உச்சிவரை ஏறியவர்கள் இரண்டு பேர், வழிகாட்டியும் ஜெயந்தியும்.