புல் வெட்டும் காரும் காது மேஸ்திரியும்

ராஜபாளையத்தில் எந்த மெஷினும் காது மேஸ்திரிக்குத் தெரியாமல் கெட்டுப்போனது கிடையாது. மனுஷர்கள்தான் அவருக்குத் தெரியாமல் கெட்டுப்போனார்கள்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பள நாளில் கூப்பிட மட்டும் அது உபயோகப்படும். மற்ற நாளெல்லாம் காது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலை. அதில் அவர் மேஸ்திரி. நான் அவருக்குக் கீழே ஃபிட்டர். பதினோரு வருடம் அவர் பின்னால் நடந்திருக்கிறேன்.

அவர் கையில் ஒரு முழ நீளத்துக்கு மரப்பிடி போட்ட திருப்புளி இருக்கும். அதன் இரும்பு முனையை ஓடுகிற மெஷின் மேல் ஊன்றுவார். மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பார். கண்ணை மூடுவார். எல்லா ஃபிட்டரும் செய்வதுதான். எங்களுக்குச் சத்தம் கேட்கும். அவருக்குச் சேதி கேட்கும்.

“மூணாவது பேரிங். செவ்வாக்கெழம போயிரும்.”

செவ்வாய்க்கிழமை போகும். ஒரு தடவை திங்கட்கிழமையே போய்விட்டது. அன்று அவர் எவனிடமும் பேசவில்லை. கழற்றிய பேரிங்கிடம் மட்டும் பேசினார். “ஒரு நாளு பொறுக்க முடியாதோ ஒனக்கு?”

மில்லோடு விட்டிருந்தால் சரி. வெளியிலும் திருப்புளியோடுதான் போவார். ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பியதும் எஞ்சின் மூடி மேல் திருப்புளியை ஊன்றினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “யோவ், என்ன செய்யுதீரு?”

“போறதுக்குப் போயிரும்” என்றார் மேஸ்திரி. “திரும்பி வராது.”

பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கவலை இல்லை. அவர்களுக்குப் போனால் போதும். டிரைவர் முகம்தான் விழுந்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தது பஸ். டிரைவர் ஸ்டாண்டில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவி போட்டார். கிளம்பவில்லை. அதற்குப் பிறகு அந்த ரூட்டில் எந்த டிரைவரும் அவரை முன்னால் உட்கார விட்டதில்லை.

கேன்டீன்காரருக்கு நெஞ்சு வலி வந்தபோது எல்லோரும் சோடா வாங்க ஓடினார்கள். இவர் திருப்புளியை அவர் நெஞ்சில் வைத்துவிட்டார்.

“வால்வு லீக்குடே.”

மதுரையில் பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். கேன்டீன்காரருக்கு மேஸ்திரி மேல் கோபம் தீரவில்லை. “டாக்டரு சொன்னா மருந்து தாராரு. இவரு சொன்னாரு, ஊரே வந்து என்னையப் பாத்துட்டுப் போவுது” என்பார். அந்த ஆவணியில் அவர் செத்துப்போனார். மேஸ்திரி துட்டி கேட்கப் போகவில்லை. “நான் போயி நின்னா, நாந்தான் சொல்லி அனுப்புனேன்னு நெனப்பாவ” என்றார். மூன்று நாள் கேன்டீனில் டீ குடிக்கவில்லை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு கேட்ட மனுஷருக்குப் பேச்சு கேட்காது. முப்பத்து நாலு வருடம் ஸ்பின்னிங் சத்தத்தில் நின்றவர். பேரிங்கில் மணல் விழுந்தால் தெரியும். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் தெரியாது. அவரிடம் எதைச் சொன்னாலும் மில் முழுக்கக் கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும்.

இந்த நிலைமையில்தான் புல் வெட்டும் கார் வந்தது.

ஆபீசுக்கு முன்னால் ஒன்றரை ஏக்கர் புல்வெளி. நாலு பெண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி மாரியம்மாள். அவள் சம்பளம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் மாதத்தில் பாதி நாள்தான் அடுப்பு எரியும். இன்னொருத்தி பொன்னுத்தாய் அக்கா. புருஷன் இல்லை. நாக்கு உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள். அவர்கள் பார்க்கும்போது பெண்கள் குத்தவைத்துப் புல் வெட்டினால் நன்றாக இருக்காது என்று நினைத்தார். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று வாங்கத் தீர்மானித்தார். அதிலும் உசத்தி மாடல். அந்த விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம் என்றார்கள்.

முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “காது என்ன சொல்றான்?”

முதலாளிக்கு அவ்வளவு நம்பிக்கை. காது சொன்னால் வாங்கு, இல்லாவிட்டால் விடு என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் விவரமானவர். மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். சாத்தி என்ன செய்ய? கத்தித்தானே பேச வேண்டும்? வராண்டாவில் நின்ற எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

“ஏனுங்க மேஸ்திரி, உங்களுக்கு இந்த மாசக் கடைசியில வயசு அம்பத்தெட்டு முடியுதுங்க. வீட்டுக்குத்தான் போகோணும். மெஷின் வந்துச்சுன்னா அதை ஓட்டுறதுக்கும் பாக்குறதுக்கும் ஒரு ஆளு வேணும்ங்க. நீங்களே ரெண்டு வருசம் இருந்துக்குங்க.”

“அந்த நாலு பிள்ளைக?”

“அவங்களை ஒண்ணாந்தேதியில இருந்து நிறுத்திக்கலாம்ங்க.”

மேஸ்திரி வெளியே வந்தார். சட்டைப் பையில் அந்த மெஷின் படம் போட்ட காகிதம் இருந்தது. ஒரு வாரம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். மடிப்பில் கிழிந்தே போய்விட்டது.

“ஏலே, சீட்டப் பாத்தியா? கை வைக்க எடம் இருக்கு பாரு” என்பார். முப்பத்து நாலு வருடம் நின்றே வேலை பார்த்தவர்.

ஒரு நாள் என்னிடம் சொன்னார். “எனக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்குலே. அவ போயி ஒம்போது வருசம் ஆச்சு. மக திருப்பூர்ல கெடக்கா. வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. மில்லுக்குள்ள இருந்தாத்தான் எனக்குச் செவிடுங்கிறது மறக்குது.”

ஆறுதல் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

மெஷின் வர இரண்டு நாள் இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நாலு பெண்களும் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரகசியம் பேச.

என் மனைவி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். “அண்ணாச்சி, ஒரு விசயம்.”

“என்னது? விசேசமா? யாருக்கு?”

“விசேசம் இல்ல அண்ணாச்சி, அந்த மெஷினு…”

“டேசனா? எந்த ஊருக்கு?”

பொன்னுத்தாய் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. வயிற்றிலிருந்து கத்தினாள். “மெஷினு நல்லால்லன்னு சொல்லிரும்! நாலு குடும்பம் பொழைக்கணும்! இது ஒருத்தருக்கும் தெரியப்படாது!”

வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. மாடியில் மேனேஜர் அறை ஜன்னல் திறந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

மேஸ்திரிக்குத் தன் குரலும் கேட்காது. அதனால் அவரும் கத்தித்தான் சொன்னார். “மெஷின் விசயத்துல நான் பொய் சொன்னதில்லத்தா. சொல்லவும் மாட்டேன்.”

பொன்னுத்தாய் அக்கா காறித் துப்பினாள். “இரும்பக் கெட்டிக்கிட்டு அழும். மனுசச் சத்தம் ஒமக்கு எங்கிட்டுக் கேக்கப் போவுது?”

இது மட்டும் அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. திருப்புளியைத் துண்டால் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

மினி லாரியில் மெஷின் வந்தது. கூடவே டை கட்டிய விற்பனைக்காரர். இறக்கினார்கள். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. நாலு பெண்களும் அரிவாளோடு ஓரத்தில் நின்றார்கள். மேனேஜர் மேஸ்திரி காதருகே வந்து கத்தினார்.

“இந்தத் தடவை காதுல கேட்டா மட்டும் பத்தாதுங்க. குறை சொன்னீங்கன்னா கண்ணுல காட்டோணும்.”

சைக்கிள் ஸ்டாண்ட் ரகசியத்தின் பலன் அது.

விற்பனைக்காரர் ஒரு சுற்று ஓட்டினார். புல் பாய் விரித்த மாதிரி ஆனது. நாலு பேர் நாலு நாள் செய்கிற வேலை அரை மணி நேரத்தில் முடியும் போல இருந்தது. பிறகு மேஸ்திரியை ஏற்றினார்கள். அவர் மூன்று சுற்று போனார். இறங்கச் சொன்னதும் கேட்காத மாதிரி இன்னொரு சுற்று போனார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான். மேல் வரிசையில் இரண்டு இல்லை.

இறங்கி, திருப்புளியை ஊன்றினார். கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை.

“நல்ல எஞ்சின்லே” என்றார். “பால் ஊத்துன மாதிரி ஓடுது. குடுக்குற காசுக்குத் தகும்.”

மேனேஜர் சிரித்தார். என் மனைவி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பொன்னுத்தாய் அக்காகூடப் பேசவில்லை. அவள் பேசாமல் நான் பார்த்ததும் அன்றுதான்.

“செத்த நேரம் பொறுங்க” என்றார் மேஸ்திரி. “அந்த வேப்பமரத்து மூலையில இன்னும் வெட்டலயே. அதையும் ஒரு ரெண்டு சுத்து சுத்தச் சொல்லுங்க.”

விற்பனைக்காரர் சந்தோஷமாகச் சுற்றினார். மேஸ்திரி மறுபடியும் திருப்புளியை ஊன்றினார். இந்த முறை உடனே எடுத்துவிட்டார்.

“பிளேடு தண்டுல நூல் சுத்துது.”

விற்பனைக்காரர் சிரித்தார். “ஐயா, இது புல்லு. இதுல நூல் எங்க இருந்து வரும்?”

“காட்டுங்க” என்றார் மேனேஜர்.

எஞ்சினை நிறுத்தி, மெஷினைத் தூக்கிச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். நான் கீழே படுத்துப் பார்த்தேன். இருந்தது. பிளேடு தண்டில், பேரிங்கை ஒட்டி, கோனில் சுற்றிய மாதிரி இறுக்கமாக வெள்ளை நூல். பேரிங்கை மூடுகிற ரப்பர் சீல் பிதுங்கிவிட்டது. கிரீஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. மேனேஜரும் குனிந்து பார்த்தார். டை கட்டியவர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார்.

“இது நூல் மில்லுங்கய்யா” என்றார் மேஸ்திரி. “காத்துல பறந்து வந்து புல்லுக்குள்ள கெடக்கும். இத்தன நாளும் இந்தப் பிள்ளைக பொறுக்கிப் பொறுக்கித்தான் வெட்டுனாவ. இவியள நிறுத்திட்டா மாசம் ஒரு பேரிங் போவும்.”

“வாரண்டி உண்டுங்களா?” மேனேஜர் கேட்டார்.

விற்பனைக்காரர் எழுந்து முட்டியைத் தட்டினார். “நூல் சுத்துனா வாரண்டி வராதுங்க சார்.”

“அப்ப முன்னால நாலு பேரு நூல் பொறுக்கிட்டுப் போகோணும். பின்னால இவரு கார் ஓட்டிட்டு வரோணும்.” மேனேஜர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்கே நன்றாக இல்லை. “எடுத்துட்டுப் போயிருங்க.”

நான் கத்தியால் நூலை அறுத்து எடுத்தேன். பழக்கம். விரலில் உருட்டிப் பார்த்தேன். தலைமுடி மாதிரி மெலிசு. அறுபதாம் நம்பர் நூல்.

புல்வெளிப் பக்கத்து ஷெட்டில் ஓடுவது முப்பதாம் நம்பர், தடி நூல். அறுபது ஓடுவது கடைசி ஷெட்டில் மட்டும். அங்கிருந்து பறந்து வர வழியில்லை. அந்த மாதம் மலையிலிருந்து வருகிற காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. யாராவது அள்ளிக்கொண்டு வந்து வேப்பமரத்து மூலையில் போட்டால்தான் உண்டு. கடைசி ஷெட்டுக்கு மேஸ்திரி அவர்தான்.

நூல் சுற்றியது உண்மை. அவர் பொய் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியில் ஏற்றுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் ஒட்டியிருந்த புல்லைத் துண்டால் தட்டிவிட்டார். நூலை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். காது கேட்காதவரிடம் ரகசியம் பேச முடியாது.

மாதக் கடைசியில் அவரை அனுப்பினார்கள். ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். மேடையிலேயே கடிகாரத்தில் திருப்புளியை வைத்தார். “ஓடுதா?” என்று என்னைக் கேட்டார். ஓடியது. சத்தம் போடாத கடிகாரம்.

நாலு பெண்களும் இன்னும் வெட்டுகிறார்கள். அடுத்த வருடம் எப்படியோ, தெரியாது.

மேஸ்திரி சோழபுரத்தில் தன் வீட்டில் இருக்கிறார். இப்போது இடி இடித்தாலும் கேட்காது. எலும்பு வழியாக மட்டும் கொஞ்சம் கேட்கும். அதனால் சோற்றுப்பானையில் திருப்புளியை வைத்து வெந்ததா என்று பார்க்கிறார். ஊர்த் தண்ணீர் மோட்டார் ரூமில் போய் வைக்கிறார். மோட்டார் புதுசு. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மாரியம்மாளும் பைக்கில் போனோம். எஞ்சினை நிறுத்தவிடவில்லை. ஓடி வந்து திருப்புளியை ஊன்றினார்.

“ஏலே, வால்வு லூசு. செயினு ஒரசுது. நீயெல்லாம் ஃபிட்டரா? வெளிய சொல்லாத.” ஒரு மணி நேரம் திட்டினார். முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சரி செய்தேன். அடுத்த வாரம் திருப்புளியை வைத்துப் பார்த்தார். “நல்லாருக்கு” என்றார். அவ்வளவுதான். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் வேறு பேச்சு இல்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் ஏதாவது ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் சோழபுரம் கிளம்புகிறேன். மாரியம்மாள் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள்.