இருமினால் அறுந்துபோகும் லைன்

காகிதத்தில் மறுபடியும் கன்னாபின்னாவென்று எழுத்துகளை அடித்துவிட்டு இயந்திரம் நின்றது. லைன் போச்சு.

லோவெல் தலையில் கை வைத்துக்கொண்டான். ஊருக்கு ஊர் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் 1972-இல் அவன் பார்த்த வேலை. அப்பேர்ப்பட்டவனுக்கு, இந்தக் கலிஃபோர்னிய மலையில் இருக்கும் தன் வீட்டை ஆபீஸ் கணினியோடு சேர்க்கத் துப்பில்லை. போன் ரிசீவரை இந்த இயந்திரத்தின் ரப்பர்க் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தால், ஆபீஸ் கணினி போன் வழியாக விசிலடித்துப் பேசும்; இயந்திரம் அதை எழுத்தாக அடிக்கும். நடுவில் வேறு சத்தம் புகுந்தால் தீர்ந்தது கதை.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கறேன். வீட்டுலேர்ந்து வேலை நடக்கலைன்னா நாளையிலேர்ந்து ஒழுங்கா ஆபீஸ் வந்துடு" என்று மேலதிகாரி பிரெண்டிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். லோவெலின் மனைவி வெர்னாவுக்கு நுரையீரல் நோய். பகலெல்லாம் அவளைத் தனியாக விட்டுப்போக இனி அவனுக்கு மனசில்லை.

"இந்த ஃபிரிட்ஜ்தான் உறுமுது" என்று அதை அணைத்தான். ஐஸ்கிரீம் உருகித் தரையில் ஓடியது. நாய் அதை நக்கிவிட்டு சந்தோஷத்தில் குரைத்தது. நாயை வெளியே தள்ளினான், அது ஊளையிட்டது. கம்பளியை எடுத்து ரிசீவரைச் சுற்றினான். லைன் அப்போதும் அறுந்தது. திரும்ப டயல் செய்தான்.

"என்ன, உன் மெஷினுக்குக் குளிர் ஜுரமா?" என்று சிரித்தாள் வெர்னா. சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பாழாய்ப்போன லைன் அந்த நேரம் பார்த்தா அறுந்து தொலையவேண்டும்!

"நான்தானா?"

"சேச்சே..."

"உனக்குப் பொய் சொல்லவே வராது, லோவெல்." அவள் சால்வையை எடுத்தாள். "நான் கார்ல போய் உக்காந்துக்கறேன்."

"வெளியில குளுருது. உன்னைப் பாத்துக்கத்தானே இத்தனையும்!"

"அப்போ சீக்கிரம் முடி."

போய்விட்டாள். தடுக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் டயல் செய்தான். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். இயந்திரம் நாலு வரி நல்லபடியாக அடித்தது. மறுபடியும் அறுந்தது.

கதவு படாரென்று திறந்தது. எதிர்வீட்டு ஓப்பல், வெர்னாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"உனக்கு அறிவிருக்கா? முடியாதவளைக் குளிர்ல உக்கார வச்சிருக்கியே!"

"இல்ல ஓப்பல், இந்த லைன்..."

"ஓ, அந்தக் கண்றாவி நீதானா? காலையிலேர்ந்து போனை எடுத்தாலே காதைக் கிழிக்குது. எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன்!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன்; ஒரு வீட்டில் போனை எடுத்தால் மற்ற வீட்டு லைனில் சத்தம் புகும். தேசத்துக் கணினிகளையெல்லாம் இணைக்கிறவன் இதை மறந்தே போயிருந்தான்.

"எதுக்கு எடுக்கறீங்க? யாரோட பேசணும்?"

வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம் ஓப்பல். கஷ்டப்படுவான்."

"யாரோடவும் இல்லப்பா. நீ ஆபீஸ் போனதும் இவ போனை எடுத்துத் தலைமாட்டுல வச்சுப்பா, நான் என் அடுப்புகிட்ட வச்சுப்பேன். ரெண்டு வருஷமா இவ இருமலைக் கேட்டுக்கிட்டேதான் சமைக்கறேன், இன்னிக்குத்தான் கேக்கலை."