கேப்டன் சூறாவளி மீதான விசாரணை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளை விடிவதற்குள் என் மீசை உதிர்ந்து போகட்டும்.

அந்தப் படைமுகாமின் கிளார்க் மேஜரின் மேசைக்கு முன்னால் லீவு மனுவோடு விறைப்பாக நின்றார். மனைவிக்கு நிறைமாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு நான்கே நாள்.

மேஜர் கையிலோ வேறு காகிதக் கற்றை. தொலைக்காட்சியில் ஓடும் ஒரு விண்வெளித் தொடரின் கப்பலில், சொந்தக் கற்பனையில் ஒரு கேப்டனை ஏற்றி, சக ரசிகர்களுக்காக கிளார்க் இணையத்தில் எழுதிவரும் கதை.

"யாருய்யா இந்தக் கேப்டன் சூறாவளி?"

"கற்பனை சார்."

"ஒத்தை விரலால நானூறு கப்பலை நொறுக்கியிருக்கா. யார் உத்தரவு கொடுத்தது?"

"அவளுக்கு இருக்கற சக்திக்கு உத்தரவெல்லாம்..."

"சக்தி இருந்தா சல்யூட் வேண்டாமா? அட்மிரலைப் பார்த்து 'தள்ளி நில்லுங்க தாத்தா'ங்கறா! விசாரணை வைக்கிறேன். நீதான் ஒரே சாட்சி. முடியற வரைக்கும் சாட்சிக்கு லீவு கிடையாது."

கிளார்க் அடுத்த அத்தியாயத்தில் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார்.

"அப்ப குத்தத்தை ஒத்துக்கிட்டா. இனி ராணுவ நீதிமன்றம்தான். ஆறு மாசம் ஆகும்" என்றார் மேஜர்.

மறுநாள் கிளார்க் கதையில் அவளுக்குப் பாத்திரம் தேய்க்கும் தண்டனை கொடுத்துப் பார்த்தார். அவள் தேய்த்த வேகத்தில் பாத்திரங்களே காணாமல் போயின. அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று இன்னொரு குற்றம் சேர்ந்தது.

மனைவி போன் செய்தாள். "எப்பங்க வர்றீங்க?"

"ஒரு கேப்டன் பொண்ணால லேட்டாகுதும்மா."

"பொண்ணாலயா?" போன் வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் கிளார்க் கல்நெஞ்சோடு சூறாவளியைக் கொன்றார்.

"நாப்பதாம் பக்கத்துல 'சாவுக்கே இவளைக் கண்டா நடுக்கம்'னு நீயே எழுதியிருக்கே. பொய் மரண அறிக்கையா?"

கிளார்க்குக்கு அழுகை வந்தது. "வேற என்னதான் சார் பண்ணட்டும்?"

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு மேல ஒரு அதிகாரி சொன்னா கேட்டுக்குவேன்."

அரை மணி நேரத்தில் சூறாவளி உயிர்த்தெழுந்து, ஒரே பத்தியில் ஜெனரலாகி, விசாரணையை ரத்து செய்தாள். தாளைப் பார்த்ததும் மேஜர் எழுந்து அதற்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"ஜெனரல் கையெழுத்து எங்கே?"

கிளார்க் அவள் பெயரில் போட்டார்.

மேஜர் இன்னொரு தாளை நீட்டினார். "இதுலயும் ஒண்ணு."

படிக்க ஏது நேரம்? அதிலும் போட்டார். லீவு மனு கைக்கு வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வாயிலுக்கு ஓடினார்.

"மேஜர்கிட்ட நான் கிளம்பிட்டேன்னு சொல்லிடுப்பா."

"அவர் உங்களுக்கு முன்னாடியே லீவுல கிளம்பிட்டாரே அண்ணே" என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய். "மூணு வருஷமா கையெழுத்துப் போட மேல ஆளில்லாம கிடந்தார், பாவம். இன்னைக்குத்தான் யாரோ ஒரு லேடி ஜெனரல் போட்டுக் கொடுத்தாங்களாம்!"