சீசாவில் நெத்திலி

சுறாக் கம்பவுண்டரின் கரண்டிக்குத் தப்பிய நாக்கு அந்தக் காலத்து ராயபுரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத நாட்கள். கல்லும் அரிசியுமாகத் தின்றுகொண்டிருந்த ஜனங்களுக்குச் சத்து ஏற்றுவதற்காக, எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சுறா மீன் எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். அதை ஊர் வாயில் ஊற்றித் தீர்ப்பதே அவருடைய பிறவிப் பயன். இருமலா? எண்ணெய். வாய்வா? எண்ணெய். மருமகள் மதிக்கவில்லையா? மாமியாருக்கு ரெண்டு கரண்டி. தபால் கொடுக்க வந்த மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

"உள்ள போனா போதும் சார், எங்க போவணும்னு அதுக்கே தெரியும்" என்பார்.

நான் அங்கே சீட்டு எழுதும் குமாஸ்தா. அவரைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர எனக்குப் பெரிய வேலை இல்லை. அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனே ஒரு பாவத்தில் பங்கும் வாங்கிக்கொண்டேன்.

காசிமேட்டில் கருவாடு விற்கும் தேசம்மாவின் மகள் பவுனுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மணலில் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள்; ஒன்றை நகர்த்தினால் அலறுவாள். இன்றைக்கு அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அன்று பெயர் கிடையாது, பத்தியம்தான் உண்டு. நாட்டு வைத்தியர் மீனை நிறுத்தினார். மந்திரிக்கிறவர் புளியை நிறுத்தினார். தேசம்மாவின் நாத்தனார் மோரை நிறுத்தினாள். போகிற போக்கில் நானும், "உப்பைக் குறைச்சுப் பாரும்மா" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது.

கம்பவுண்டர் பவுனை மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார்.

"மூணு வாரம் குடு தேசம்மா. கொயந்த பேசலன்னா என் பேர மாத்திடு!"

அந்தப் பேரே ஊர் வைத்ததுதான் என்று நான் முணுமுணுத்தேன். தினமும் காலையில் மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். பவுன் பேசவில்லை. மூன்றாவது வாரம் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். எண்ணெய்க்கு மட்டுமல்ல, கிண்ணத்தைக் கண்டாலும் தாயின் கையைக் கண்டாலும் உதடு இறுகிவிடும்.

"தண்ணியத் தவுர ஒண்ணும் எறங்கல நைனா. எலும்ப எண்ணலாம் போல கீது. புள்ள பூடுமா?" என்று தேசம்மா கம்பவுண்டரிடம் வந்து கேட்டாள்.

மறுநாள் அவர் கரண்டியை வைத்துவிட்டுக் காசிமேட்டுக்குப் புறப்பட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே உலர்த்தியிருந்த நெத்திலியின் ஓரத்தில் பவுன் குந்தியிருந்தாள். ஒன்றை எடுத்தாள், தலையைக் கிள்ளிப் போட்டாள், வாயில் வைத்து மெள்ள மென்றாள். அடுத்ததை எடுப்பதற்குள் நாத்தனார் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

"பத்தியம்டீ! கவுச்சி துன்னா மருந்து முறிஞ்சுபூடும்!"

கம்பவுண்டர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "நாம ஊத்துனதெல்லாம் மருந்து, அது துன்றது மட்டும் வெசமா? இன்னா நாயம் சார் இது?" என்றார்.

சாப்பிட விடுங்கள் என்று சும்மா சொன்னால் அந்த வீட்டில் எடுபடாது. கருவாட்டிலேயே பிழைக்கிற வீடுதான். ஆனால் மதிப்பெல்லாம் ஆஸ்பத்திரி சீசாவுக்கு. எனவே வாய் அகலமான சீசா ஒன்றைக் கழுவி, நெத்திலியைத் தலை கிள்ளி நிரப்பினார். வறுக்கக்கூட இல்லை; அவள் தின்றது எப்படியோ அப்படியே. மேலே மருந்துச் சீட்டை ஒட்டினார். 'தினம் மூன்று வேளை. நன்றாகக் குலுக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே தன் கையால் எழுதினார்: 'யாரும் ஊட்டக் கூடாது. நோயாளியே எடுத்துக்கொள்ள வேண்டும்.'

"ஒரு வேள தவறுனாலும் நான் பொறுப்பில்ல!" என்று மிரட்டிக் கொடுத்தார். நாத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொரு வேளையும் அவளே பயபக்தியோடு குலுக்கிவைத்தாளாம்.

பத்து நாள் கழித்து, மறுபடி நிரப்ப வந்த சீசா பெரிய டாக்டர் கையில் சிக்கியது. திறந்து முகர்ந்தார்.

"என்னய்யா இது?"

கம்பவுண்டர் கைகட்டி நின்றார். வேலை போயிற்று என்றே நான் நினைத்தேன்.

"தப்புதான் சார். என் எண்ணெயாலதான் கொயந்த வாய மூடிச்சு. இதத் துன்னுது சார். நேத்து பக்கத்துல சோறு வெச்சாங்களாம், அதுலயும் ரெண்டு வாய் துன்னுச்சாம்."

டாக்டர் சீட்டைக் கடைசி வரி வரை படித்தார். சீசாவை மூடி, "நிரப்பிக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவுன் கடைசிவரை பேசவில்லை. ஆனால் எலும்பு மறைந்தது, கன்னத்தில் சதை வந்தது. மாறியவர் கம்பவுண்டர்தான். அதற்குப் பிறகு எந்தக் குழந்தை வந்தாலும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஊத்தட்டுமா, வாணாமா? நீயே சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ராயபுரத்துக் குழந்தைகள் அத்தனையும் வேண்டாம் என்றுதான் சொல்லின. ஒவ்வொரு முறையும் அவர் சரி என்று தலையாட்டியதை நினைத்தால், சிரிக்க ஆரம்பிக்கிற எனக்குப் பாதியிலேயே கண் கலங்கிவிடுகிறது.